ஊற்று தோண்டி ஒரு புது இனம்: ஆற்று மணலில் வாழும் நீர் மைட்டை விவரிக்க முழு வழிகாட்டி

கெடிலத்தில் மேல்தண்ணீர் வற்றிய பிறகு, மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு, குடத்து வாயில் துணி கட்டி வடிகட்டி எடுத்துப் போவார்கள். அந்தத் துணியில் தங்கிய தூசியை ஒரு கிண்ணத் தண்ணீரில் உதறி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வையுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் தூசியில் ஒன்றிரண்டு எழுந்து நடக்கும். அரை மில்லிமீட்டர் உடம்பு, எட்டுக் கால், வெளிறிய மஞ்சள். அதுதான் நம் ஆள்.

தமிழில் இதை நீர்ச் சிற்றுண்ணி என்று எழுதலாம். ஆனால் என் கைப்பேசி ஒவ்வொரு முறையும் அதைச் சிற்றுண்டி என்று திருத்துகிறது. பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் மைட் என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வெண்டைச் செடியின் செஞ்சிலந்தி, தென்னங்குரும்பையைச் சொரசொரப்பாக்கும் ஈரியோபைட் சிலந்தி எல்லாம் இதற்குத் தூரத்துச் சொந்தம்.

கடலூர், புதுச்சேரி பக்கம் முதுகலை விலங்கியல் படிக்கிறவர்கள் சிலர், "ஆற்று மணலில் புது இனம் கிடைக்குமாமே, எப்படி எழுதுவது?" என்று கேட்கிறார்கள். கிடைக்கும். உலகம் முழுவதும் விவரிக்கப்பட்ட நீர் மைட் இனங்கள் 2008 வாக்கிலேயே 6,000-ஐத் தாண்டிவிட்டன. மணலுக்குள் ஒளிந்து வாழ்பவற்றைத் தேடியவர்களோ குறைவு. ஆனால் ஆற்றில் உங்களுக்கு இரண்டு மூன்று நாள் வேலைதான். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மேஜையில் உட்கார்ந்து, "இதை வேறு யாரும் ஏற்கெனவே பார்த்துப் பெயர் வைக்கவில்லை" என்று காட்ட வேண்டும். கிளம்பும் முன்பே இதைத் தெரிந்துகொண்டால் ஆற்றில் செய்யும் வேலையும் சுத்தமாக இருக்கும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீர் மைட்டின் வாழ்க்கை கொஞ்சம் சிக்கலானது. முட்டையிலிருந்து ஆறு கால் லார்வா வரும். பெரும்பாலானவற்றில் அது ஏதாவது பூச்சியின் மேல் தொற்றிக்கொண்டு ஒட்டுண்ணியாக வாழும். பிறகு அசையாமல் கிடக்கும் ஒரு பருவம், அப்புறம் எட்டுக் காலோடு வேட்டையாடும் டியூட்டோநிம்ஃப், மறுபடி ஓர் அசையாப் பருவம், கடைசியில் முதிர்ந்த மைட். புது இனத்தை விவரிக்க முதிர்ந்ததுதான் வேண்டும்.

இதைத் தடித்த எழுத்தில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டுங்கள். எனக்கு ஒரு காலத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு மைட் கிடைத்தது. மூன்று மாதம் அளந்தேன், வரைந்தேன், மனசுக்குள் பெயர்கூட வைத்துவிட்டேன். பிறகு ஒரு மூத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இனப்பெருக்கத் துளை எங்கே?" என்று மட்டும் கேட்டார். இல்லை. இருந்தது டியூட்டோநிம்ஃப். முதிர்ந்ததில் இருக்க வேண்டிய அசெட்டாபுலாக்களும், அதாவது இனப்பெருக்கப் பகுதியில் இருக்கும் கிண்ணம் போன்ற உறுப்புகளும், குறைவாகவே இருந்தன. எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனதற்குக் காரணம், பட்டியல்கள் முதிர்ந்தவற்றை வைத்துப் போடப்பட்டவை என்பதுதான்.

மணலிடுக்கில் வாழ்பவை மேலே நீந்துகிற உறவினர்களைப் போல இருக்காது. குளத்து மைட் குங்குமப் பொட்டு மாதிரி சிவந்து உருண்டு இருக்கும். கால்களில் நீந்துவதற்கான நீண்ட மயிர் இருக்கும். இருட்டுக்குள் மணல்மணிகளுக்கு இடையே நுழைந்து போகிறதற்கு அந்த மயிரும் வேண்டாம், நிறமும் வேண்டாம். அதனால் சில பேரினங்களில் உடம்பு தட்டையாகும், சிலவற்றில் புழு போல நீளும். நிறம் வெளிறும், கண் சிறுத்துப் போகும் அல்லது இல்லாமலே போகும்.

எங்கே தோண்டுவது

கடலூர் நகரத்துப் பாலத்துக்கு அடியிலேயே வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் ஓதம் ஏறி இறங்குவதால் மணலுக்குள் உப்பு இறங்கியிருக்கும். அங்கே கிடைப்பவை வேறு கூட்டம். ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர்கள் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள். ஊற்றுத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, உப்பென்றால் மேலே நகருங்கள்.

கெடிலத்தில் திருவந்திபுரத்துக்கு மேலே, திருவதிகை பண்ருட்டிப் பக்கம் பார்க்கலாம். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டுப் பக்கம் மணல் பரந்து கிடக்கிறது. பாகூர் ஏரிக்குப் பங்காரு வாய்க்கால் பிரிவது அங்கிருந்துதான். சங்கராபரணி என்றால் வில்லியனூர், திருக்காஞ்சி எல்லோருக்கும் கை எட்டும் தூரம். ஆனால் எனக்குப் பிடித்தது இன்னும் மேலே, கல்மரப் பூங்கா இருக்கிற திருவக்கரைப் பக்கம். அங்கே மணலோடு கூழாங்கல்லும் கலந்திருக்கும். சேறும் களிமண்ணும் அடைத்த படுகையில் இடுக்கே இருக்காது, இடுக்கு இல்லாத இடத்தில் மைட்டுக்கு என்ன வேலை? கையில் அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் அந்த இடம் வேண்டாம். பொலபொலவென்று உதிர்ந்தால் தோண்டுங்கள்.

வடகிழக்குப் பருவமழை வெள்ளம் ஐப்பசி, கார்த்திகையில் படுகையையே புரட்டிவிடும். தண்ணீர் வடிந்து சில வாரம் கழித்து, தை முதல் சித்திரை வரை தோண்ட நல்ல காலம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்குத் தென்பெண்ணையில் இறங்குவதே சிறுவள்ளிக்கிழங்கு வாங்கவும் சாமி பார்க்கவும்தான், வாளியும் வலையுமாக நின்றால் ஊரே சுற்றி நிற்கும்.

சாதாரண நாளிலும் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். மண்வெட்டியோடு ஆற்றில் நிற்கிற எவனும் மணல் திருடத்தான் வந்திருக்கிறான் என்று நினைப்பதில் தப்பில்லை, நிலைமை அப்படி. ஒரு முறை மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா தம்பி, மண்ணு வாரவா வந்திருக்க?"

"இல்ல ஆயா, ஊத்து தோண்டுறேன். தண்ணியில பூச்சி இருக்கான்னு பாக்கணும்."

"ஊத்துன்னா இங்க ஏன் தோண்டுற? திட்டோட வாலுப் பக்கம் போ. அங்கதான் தண்ணி குபுகுபுன்னு வரும்."

நீரியல் பாடத்தில் சொல்வதும் இதைத்தான். ஆற்று நீர் மணல் திட்டின் தலைப்பக்கம் உள்ளே இறங்கி, வால்பக்கம் வெளியே ஏறுகிறது. இரண்டு இடத்திலும் ஆக்சிஜன் அளவு வேறு, உணவு வேறு, வசிக்கிற மைட்டும் வேறாக இருக்கலாம். ஆகவே தலையில் ஒன்று, வாலில் ஒன்று என்று இரண்டு குழி போடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுடு ஏரி போன்ற இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

ஊற்றும் அடிபம்பும்

நாம் ஊற்று என்று சொல்வதற்கு மைட் ஆராய்ச்சியாளர்களிடம் இன்னொரு பெயர் உண்டு: காரமான்–சாப்பூயி முறை. ஐரோப்பாவில் 1930-களிலும் 1940-களிலும் அந்த இருவர் மணலிடுக்கு உயிர்களைப் பிடிக்கப் பயன்படுத்தியது. செய்முறையும் அதேதான். நீரோட்டத்தின் கரையிலிருந்து ஒரு முழம் இரண்டு முழம் தள்ளிக் குழி தோண்டுங்கள். தண்ணீர் சுரந்து நிறைந்ததும் குழியின் பக்கவாட்டு மணலைக் கையால் கலக்கி, அந்தக் கலங்கல் நீரை மொண்டு நுண்வலையில் ஊற்றுங்கள். வீட்டுக்கு எடுக்கிற ஊற்றில் தெளிந்த தண்ணீர் வேண்டும், நமக்குக் கலங்கல்தான் வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். பத்து இருபது லிட்டர் வடிகட்டுங்கள்.

ஓடும் நீருக்கு அடியில் இருக்கும் படுகைக்கு இது ஆகாது. அதற்கு பூ–ரூஷ் பம்பு. நம் தெரு அடிபம்பின் சின்னத் தம்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரும்புக் குழாய், கீழ்முனை கூர்மையாக மூடியது, முனைக்குச் சற்று மேலே சுற்றிலும் சில மில்லிமீட்டர் துளைகள். சுத்தியலால் படுகைக்குள் ஒரு முழம் அடித்து இறக்கி, மேலே கைப்பம்பை மாட்டி அடிக்க வேண்டும். முதலில் வரும் பத்து லிட்டரை வடிகட்டுங்கள். வெல்டிங் பட்டறையில் படம் வரைந்து காட்டினால் ஒரே நாளில் செய்து கொடுப்பார்கள். குழாய் தடித்ததாக இருக்கட்டும், மெல்லிசுக் குழாய் முதல் கூழாங்கல்லிலேயே வளைந்துவிடும்.

வலைக் கண் 100 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். ஆய்வுக்கென்று விற்கும் வலை விலை அதிகம். ஸ்கிரீன் பிரிண்டிங் துணி விற்கும் கடையில் கிடைக்கும் நைலான் துணியே போதும். வாங்கும் முன் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மைக்ராஸ்கோப்பில் கண்ணின் அகலத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அரிப்பதும் பொறுக்குவதும்

வலையில் தங்கியதில் பாதி மணல்தான் இருக்கும். அதை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, மணல் அடியில் உட்காரும் முன்பே மேல்தண்ணீரை மறுபடி வலையில் சாய்த்துவிடுங்கள். வீட்டில் கல் நீக்க அரிசி அரிப்பார்களே, அதே கைப்பதம். கனமான கல் அடியில் நிற்கும், லேசான மைட்டும் இலைத்துகளும் தண்ணீரோடு போகும். ஏழெட்டு தடவை அரியுங்கள். அரிசி அரித்துப் பழகிய கை இந்த வேலையில் ஜெயிக்கும், இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அரித்ததை ஆற்று நீரோடு டப்பாவில் போட்டு, ஐஸ் வைத்த தெர்மகோல் பெட்டியில் கொண்டு வாருங்கள். கடலூர் வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்தால் வீடு சேர்வதற்குள் வெந்துவிடும். அன்று மாலையே உயிரோடு பொறுக்குவது நல்லது. செத்த மைட் தூசியோடு தூசியாகிவிடும், உயிருள்ளது நடந்து தன்னைக் காட்டிக் கொடுக்கும். வெள்ளைத் தட்டில் மெல்லிய படலமாக நீரை ஊற்றி, ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் வரிசை வரிசையாகப் பாருங்கள். நுனி மெலிந்த டிராப்பரால் உறிஞ்சி எடுங்கள், சாமணத்தால் பிடித்தால் நசுங்கும்.

குப்பியும் சீட்டும்

பிடித்ததை இரண்டாகப் பிரியுங்கள். வடிவத்தைப் படிக்க வைத்திருப்பவை கோனிகே திரவத்துக்குப் போகட்டும்: கிளிசரின் 5 பங்கு, தண்ணீர் 4 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு. இதில் மைட் மிருதுவாக இருக்கும், பிற்பாடு அறுக்க வசதி. டி.என்.ஏ. எடுக்க சிலவற்றைத் தனியாக 96 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். எத்தனாலில் உடம்பு விறைத்து மொறுமொறுவென்று ஆகிவிடும், கோனிகேயில் டி.என்.ஏ. கெடும். ஒரே குப்பியில் இரண்டு காரியமும் ஆகாது. ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள்.

சீட்டைப் பற்றி ஒரு சொந்தக் கதை. நான் ஒரு சமயம் குப்பிக்கு வெளியே மார்க்கரால் எழுதி வைத்தேன். எத்தனால் ஒரு சொட்டு வழிந்தது, எழுத்து நீலக் கறையாகிப் போனது. உள்ளே இருந்த 23 மைட்டும் எந்த ஆறு, எந்த நாள் என்று தெரியாத அநாதைகளாயின. இடம் தெரியாத மைட்டை வைத்து இனம் எழுத முடியாது. இன்றைக்கும் அவற்றைச் சாணை பிடித்த ஊசியில் அறுத்துப் பழக மாணவர்களுக்குக் கொடுக்கிறேன்.

சீட்டு குப்பிக்கு உள்ளேயே இருக்கட்டும். கெட்டித் தாளில் பென்சிலால் எழுதுங்கள். ஆறு, ஊர், மாவட்டம், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, குழியின் ஆழம், முறை, பிடித்தவர் பெயர்.

ஊசி முனையில்

இனி நிதானமான வேலை. முதலில் உள்ளே இருக்கும் சதையைக் கரைக்க வேண்டும். பக்கவாட்டில் மெல்லிய தோல் பகுதியில் நுண்ணூசியால் ஒரு துளை போட்டு, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்து அவ்வப்போது பாருங்கள். நேரத்தைச் சொல்ல முடியாது. உடம்பு மெல்ல ஒளி ஊடுருவும் கண்ணாடிபோல ஆகும்போது எடுத்துவிட வேண்டும். காபி குடிக்கப் போய்விட்டு வந்தால் தகடுகள் பிரிந்து மிதக்கும். எடுத்ததும் தண்ணீரில் கழுவி, ஒரு சொட்டு அசிட்டிக் அமிலத்தில் காட்டி, கிளிசரினுக்கு மாற்றுங்கள்.

சதை முழுக்கக் கரைவதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்தி உள்ளே பாருங்கள். ஆண் என்றால் இனப்பெருக்கப் பகுதிக்கு அடியில் விந்து வெளியேற்றும் உறுப்பு ஒரு சின்ன எலும்புக்கூடு போலத் தெரியும். பெண் என்றால் முட்டை தெரியலாம். ஆணா பெண்ணா என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அறுப்பதற்கு ஒரு கிளிசரின் சொட்டு போதும். இடது கை ஊசியால் உடம்பை அழுத்தாமல் அணைத்துப் பிடித்து, வலது கை ஊசியால் முன்பக்க வாய்ப்பகுதியை, அதாவது நாத்தோசோமாவைக் கீழிருந்து நெம்புங்கள். ஒரு கணம் தயங்கும், பிறகு உறையிலிருந்து கத்தி வருவதுபோல மொத்தமாகக் கழன்று வரும். அதோடு குட்டிக் கால் போன்ற இரண்டு பால்ப்பும் வரும், உள்ளே இரையைக் குத்தும் வாயுறுப்புகளான இரண்டு செலிசெரா இருக்கும். பால்ப்பைத் தனியாக்குங்கள். ஒன்று உள்பக்கம் தெரியும்படி, மற்றது வெளிப்பக்கம் தெரியும்படி படுக்க வையுங்கள். கால்களை ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் போதும், மறுபக்கம் உடம்போடு இருக்கட்டும். கடைசியில் முதுகுத் தகட்டை வயிற்றுப் பக்கத்திலிருந்து பிரித்து எடுங்கள், பலாச்சுளையிலிருந்து கொட்டையை உரிப்பதுபோல, விளிம்பைச் சுற்றிச் சுற்றி.

இவற்றை கிளிசரின் ஜெல்லியில் பதியுங்கள். வாய்ப்பகுதியும் கால்களும் ஒரு கவர் ஸ்லிப்புக்கு அடியில், முதுகும் வயிறும் இன்னொன்றுக்கு அடியில். உடம்பு வைத்த கவர் ஸ்லிப்பின் மூலைகளில் கண்ணாடிச் சில்லு வைத்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் வைத்தால் ஜெல்லி இறுகும்போது உங்கள் ஒரே ஆண் மைட் அப்பளமாகிவிடும். சிலர் ஹோயர் திரவத்தில் பதிப்பார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் காலப்போக்கில் படிகம் படிந்து கெடும். நூறு வருஷம் இருக்க வேண்டிய ஸ்லைடுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி.

அளப்பது, வரைவது

கண்ணருகே இருக்கும் அளவுகோலை ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லா அளவும் மைக்ரானில். உடம்பின் நீள அகலம், முதுகுத் தகட்டின் நீள அகலம், கால்கள் உடம்போடு சேரும் காக்ஸா தகடுகள், அவற்றின் நடுக் கோடு, இனப்பெருக்கப் பகுதி, வாய்ப்பகுதி, செலிசெரா, பால்ப்பின் ஐந்து கணுக்களின் முதுகுப்பக்க நீளம், முதல் காலின் கடைசிக் கணுக்கள். ஹோலோடைப்பின், அதாவது பெயருக்குச் சான்றாக நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒற்றை மைட்டின், அளவைத் தனியாகவும், மற்றவற்றின் அளவை எது முதல் எதுவரை என்றும் எழுதுங்கள். ஒரே ஒரு மைட்டை வைத்து எழுதினால், அதன் பால்ப் நீளம் இனத்தின் அடையாளமா, அந்த ஒன்றின் கோணலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆண், பெண் இரண்டும் சிலவாவது கிடைக்கும்வரை மறுபடி ஆற்றுக்குப் போங்கள்.

மைக்ராஸ்கோப்பில் தெரிவதைத் தாளின்மேல் காட்டி வரைய உதவும் கேமரா லூசிடா வைத்துப் படம் வரையுங்கள், அல்லது பல குவிய ஆழங்களில் எடுத்த போட்டோக்களை அடுக்கி அதன்மேல் கணினியில் கோடு இழுங்கள். போட்டோ மட்டும் போதாது. எந்த மயிர் எங்கே முளைக்கிறது, எந்தச் சுரப்பித் துளை எந்தத் தகட்டின் விளிம்பைத் தொடுகிறது என்பதைக் கோட்டுப்படம்தான் தெளிவாகச் சொல்லும்.

புதுசுதானா?

எல்லோரும் அவசரப்படுகிற இடம் இது. குடும்பம், பேரினம், இனம் என்று மேலிருந்து கீழே வாருங்கள். உதாரணமாக, ஓடும் ஆற்றுப் படுகையில் அடிக்கடி கிடைக்கும் டோரென்டிகோலா பேரினத்தை எடுத்துக்கொள்வோம். முதுகில் ஒரு பெரிய தகடு, அதற்கு முன்னால் நான்கு சின்னத் தகடுகள். அதன் நெருங்கிய சொந்தமான மோனாட்ராக்டைடிஸில் நடுவிலிருக்கும் இரண்டும் பெரிய தகட்டோடு ஒட்டிப்போய், தோள்பக்கத்து இரண்டு மட்டும் தனியாக நிற்கும். இப்படிப் பேரினம் வரை ஒரு நாளில் வந்துவிடலாம். அதற்குக் கீழேதான் காடு.

அந்தப் பேரினத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் விவரிக்கப்பட்ட ஒவ்வொரு இனத்தின் முதல் விவரணையையும் தேடி எடுங்கள். இந்திய நீர் மைட்டுக்கு அடித்தளம், அமெரிக்கரான டேவிட் குக் 1967-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு. அதைத் தாண்டாமல் யாரும் எழுத முடியாது. அதற்கு முந்தையவை பல ஜெர்மன் மொழியில் இருக்கும். கார்ல் வீட்ஸ் எழுதியவற்றைப் படிக்க ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. உறுப்புகளின் பெயர் ஐம்பதைக் கற்றுக்கொண்டால் போதும், மீதியைப் படம் சொல்லும். பழைய இதழ்கள் பல இணையத்தில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. கிடைக்காததற்கு அந்தத் துறையில் எழுதுகிறவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். இந்தத் துறையில் ஆட்கள் குறைவு, அதனாலேயே பதில் சீக்கிரம் வரும்.

பிறகு ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். மேலே இனங்களின் பெயர், பக்கத்தில் உறுப்புகள். உங்கள் மைட் எந்த நெடுவரிசையோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அதுதான் நெருங்கிய சொந்தம். அதிலிருந்து எதில், எவ்வளவு வேறுபடுகிறது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். "கொஞ்சம் பெரிசு" என்பது வேறுபாடு ஆகாது. "பால்ப்பின் இரண்டாம் கணுவின் அடிப்பக்க முளை இதில் தட்டையாக இருக்கிறது, அதில் கூராக இருக்கிறது, பார்த்த எல்லா ஆணிலும் பெண்ணிலும் இப்படியே" என்று சொன்னால் ஆகும்.

டி.என்.ஏ. உதவும். விலங்குகளுக்குப் பார்கோடாகப் பயன்படுவது சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்துப் பகுதி. உடம்பை அரைக்காமல் உள்ளிருக்கும் சதையை மட்டும் கரைத்து டி.என்.ஏ. எடுக்கும் முறை உண்டு. கூடு அப்படியே திரும்பக் கிடைக்கும், அதையே பிறகு ஸ்லைடு போடலாம். ஆனால் பழைய இனங்களில் பலவற்றுக்குப் பார்கோடே கிடையாது. ஒப்பிட ஆளில்லாத ரேகையை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது, ஆகவே உருவ ஒப்பீட்டைத் தவிர்க்க வழியில்லை.

பெயரும் கட்டுரையும்

விலங்குகளின் பெயரிடல் 1758-இல் லின்னேயஸ் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து கணக்கு. சிலந்திகளுக்கு மட்டும் ஒரு சலுகை: கிளெர்க் 1757-இல் எழுதியதையும் 1758-இல் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மைட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

விதிகளில் தவறவிடக் கூடாதவை சில. புது இனம் என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். மற்றவற்றிலிருந்து பிரிக்கும் பண்புகளைச் சொற்களில் எழுத வேண்டும். 1999-க்குப் பிறகு எழுதும் எதற்கும் ஹோலோடைப் எது என்று சுட்டி, அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் வெளியாகும் முன்பே, விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு செய்து, அந்தப் பதிவின் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் பெயர் செல்லாது.

ஊர்ப் பெயரில் வைக்க ஆசை இருந்தால், லத்தீன் முறைப்படி ஊர்ப்பெயரோடு "என்சிஸ்" சேர்க்கலாம். பேரினப் பெயர் லத்தீனில் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத நியூட்டராக இருந்தால் அது "என்சே" ஆகும். கெடிலத்தின் பெயரை வைப்பதாக இருந்தால் ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வரைபடத்தில் ஒரு மாதிரி, அரசு ஏட்டில் ஒரு மாதிரி, பேருந்துப் பலகையில் இன்னொரு மாதிரி இருக்கும். நீங்கள் முதலில் எழுதுகிற எழுத்துக்கூட்டல்தான் நிற்கும், பிற்பாடு பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை விதி நேரடியாகத் தடுக்கவில்லை, ஆனால் ஆயுசுக்கும் கேலி பேசுவார்கள்.

கட்டுரையின் வரிசை எல்லா இதழிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வகைமாதிரிகள், பிரித்தறியும் பண்பு, விவரணை, பெயர்க் காரணம், ஒப்பீடு, பரவல். 1959 முதல் வரும் அகரோலோஜியா, 2001-இல் தொடங்கிய ஜூடாக்ஸா, 2008-இல் தொடங்கிய ஜூகீஸ் ஆகியவற்றில் வந்த ஒரு நல்ல கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே எலும்புக்கூட்டில் உங்கள் சதையை ஏற்றுங்கள். பணம் கட்டினால் மூன்றே நாளில் போடுகிறோம் என்று வரும் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் வந்த பெயரும் விதிகளை நிறைவு செய்தால் செல்லுபடியாகிவிடும், தப்பும் தவறுமாக. பின்னால் வருகிறவர்கள் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்.

ஒப்படைப்பு

2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, யார் புது இனம் கண்டாலும் அரசு நியமித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்குகளுக்கு அது 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம். தலைமையகம் கொல்கத்தாவில், தென்மண்டல மையம் சென்னை சாந்தோமில். கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே பேசிப் பதிவு எண் வாங்குங்கள், அந்த எண் கட்டுரையில் வர வேண்டும். வெளிநாட்டு நிபுணரோடு சேர்ந்து எழுதுவதாக இருந்தால், மாதிரியைத் தபாலில் போடும் முன் சென்னையிலேயே இருக்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் விதிகளைப் படியுங்கள். படத்தை அனுப்புவதும் மைட்டை அனுப்புவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

ஹோலோடைப் ஒரு இடத்தில்தான் இருக்கும். அதோடு சேர்த்து விவரித்த மற்ற மாதிரிகளான பாராடைப்புகளை இரண்டு சேகரிப்புகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒரு அலமாரியில் மழைநீர் இறங்கினாலும் மற்றது மிஞ்சும். ஸ்லைடுகளைப் படுக்கை வசத்தில் வையுங்கள், நிறுத்தி வைத்தால் கிளிசரின் ஜெல்லி வெயிலில் இளகி மைட் ஓரத்துக்கு நழுவும். எத்தனால் குப்பியைத் தபாலில் எடுக்க மாட்டார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து பிடித்து நேரில் கொடுத்துவிட்டு வருவது சுலபம். பெட்டியில் அடுக்கும் முன் ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்து, பென்சிலால் எழுதிய சீட்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியை இறுக்குங்கள்.